நேரமா, பதமா?

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, மாநில எல்லை வீட்டுப் புரையிடங்களுக்கு ஊடே ஓடுகிற ஊர் எங்களுடையது. பனையிலிருந்து இறக்கும் பதநீரை இங்கே அக்கானி என்போம். பாட்டி அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றிய காலத்தில் அடுப்புப் பக்கத்தில் கடிகாரம் இருந்ததே இல்லை. காய்ந்த பனையோலை எரிந்தால் பானை சீக்கிரம் கொதிக்கும். மழையில் நனைந்த விறகு என்றால் புகைந்து புகைந்து பொழுது சாய்ந்துவிடும். பாட்டி கரண்டியால் ஒரு சொட்டு எடுத்துச் சிரட்டைத் தண்ணீரில் விடுவாள். சொட்டு கரைந்து பரவினால் இன்னும் காயவேண்டும். உருண்டு நின்றால் பானையை இறக்கலாம்.

“எவ்வளவு நேரம் காய்ச்சணும் பாட்டி?” என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன்.

“நேரத்த பாத்து எறக்குனா கருப்பட்டி ஆவாது மக்களே. பதத்த பாரு.”

பல வருடம் கழித்து, அதே வீட்டின் திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மென்பொருள் சோதனை வேலை பார்த்தபோதுதான் அந்தப் பதிலின் ஆழம் எனக்குப் புரிந்தது. நான் எழுதிய தானியங்கிச் சோதனை ஒன்று என் கணினியில் ஏறத்தாழ 20 முறைக்கு ஒருமுறை தோற்றது. நெய்யாற்றின்கரையில் இருந்த என் தோழியின் புதிய கணினியில் அது தோற்றதே இல்லை. நிரல் ஒன்று, சோதனை ஒன்று, உலாவியும் ஒன்று. கணினி மட்டும்தான் வேறு.

“உன் லேப்டாப் பழசு. அதை மாத்து” என்றார்கள் எல்லோரும். நானும் நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது, ஒரே சோதனை இரண்டு கணினிகளில் ஏன் இரண்டு விதமாகப் பேசுகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

காணாத விரல்

ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் என்று எல்லாம் இன்று திரையில் நடக்கிறது. அந்தத் திரைகளில் ஒரு சிறு மாற்றம் செய்தாலும், மற்ற எல்லாம் பழையபடி இயங்குகிறதா என்று பார்த்தாக வேண்டும். நூற்றுக்கணக்கான படிவங்களை ஒவ்வொரு நாளும் மனிதர் உட்கார்ந்து நிரப்பிப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் தானியங்கி இடைமுகச் சோதனை வந்தது. “இந்தப் பெட்டியில் இந்தப் பெயரை எழுது, அந்தப் பொத்தானை அழுத்து, ‘விண்ணப்பம் ஏற்கப்பட்டது’ என்ற வரி வருகிறதா பார்” என்று ஒரு நிரல் எழுதிவிட்டால், காணாத விரல் ஒன்று உலாவியைத் திறந்து அத்தனையையும் செய்துவிடும். எதிர்பார்த்தது வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

இந்தத் துறையில் பெரிதும் பரவிய கருவியான செலினியத்தை 2004-இல் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தின் சிகாகோ அலுவலகத்தில் உருவாக்கினார். பின்னால் அதனோடு இணைந்த வெப்டிரைவர் என்ற நெறிமுறை 2018-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அதிகாரபூர்வத் தரமாயிற்று. இன்று வெவ்வேறு நிறுவனங்களின் உலாவிகளை அந்த ஒரே கட்டளை மொழியால் ஓட்டலாம்.

ஆனால் காணாத விரலுக்கும் மனித விரலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நாம் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து, அது தயாராகிவிட்டதா என்று பார்த்து, பிறகுதான் அழுத்துகிறோம். இந்தக் காத்திருப்பு நமக்கே தெரியாமல் நடக்கிறது. நிரலுக்கு அந்தப் பொறுமை பிறவியில் கிடையாது. பொத்தான் எங்கே என்று கேட்கும், இல்லையென்றால் அந்த நொடியே தோல்வி என்று எழுதிவிடும்.

திரையின் பக்கமோ ஒரே கணத்தில் தோன்றுவதில்லை. முதலில் பக்கத்தின் எலும்புக்கூடு வந்து சேரும். பிறகு அதன் நிரல்கள் இறங்கி இயங்கும். அவை சேவையகத்திடம் தகவல் கேட்கும். பதில் வந்தபின் எந்த எழுத்து எங்கே, எந்தப் பெட்டி எவ்வளவு அகலம் என்று உலாவி கணக்கிடும். கடைசியில்தான் திரையில் வரையும். வழக்கமான திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது 16.7 மில்லிவினாடிதான். வேகமான கணினி இந்த வேலைகளை மடமடவென்று முடித்துவிடும். இரண்டு உள்ளகமும் சுழலும் வன்தட்டும் கொண்ட பழைய கணினி அதே வேலைக்குத் திணறும்.

பதம் பார்த்து இறக்கு

இதைச் சமாளிக்கப் புதிதாகச் சோதனை எழுதுகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். “ஒரு வினாடி தூங்கு, பிறகு அழுத்து” என்று எழுதிவிடுவார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன்.

கடிகாரத்தைப் பார்த்துப் பானையை இறக்குவது இதுதான். எழுதியவரின் கணினியில் பக்கம் 300 மில்லிவினாடியில் தயாராகிறது, ஆகவே ஒரு வினாடி தாராளம். அதே சோதனை வேறொரு கணினிக்குப் போகிறது. அங்கே பக்கம் தயாராக 1,100 மில்லிவினாடி ஆகிறது. சோதனை தோற்கிறது. காத்திருப்பை ஐந்து வினாடியாக்கினால் பழைய கணினியில் தோல்வி குறையும். ஆனால் வேகமான கணினியில் ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ நாலே முக்கால் வினாடி வீணாகும். ஆயிரம் படிகள் என்றால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வெறும் தூக்கம். அப்போதும் பழைய கணினிக்கு ஒரு மோசமான நாள் வந்தால் ஐந்து வினாடியும் போதாது. விறகு ஈரமாக இருக்கிற நாள் எது என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

சரியான வழி பாட்டியின் வழி. “பொத்தான் திரையில் தெரிகிறதா? அழுத்தத்தக்க நிலையில் இருக்கிறதா?” என்று சில மில்லிவினாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருந்து, ஆம் என்றதும் உடனே அழுத்துவது. சிரட்டைத் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பதேதான். வேகமான கணினி வேகமாக முடிக்கும், மெதுவானது மெதுவாக முடிக்கும். விடை இரண்டிலும் ஒன்றாக இருக்கும்.

இது எங்கோ ஓரத்தில் நடக்கும் பிழை இல்லை. 2014-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் 51 திட்டங்களில், ஒருமுறை வென்று மறுமுறை தோற்கும் நிலையில்லாத சோதனைகளைத் திருத்திய 201 மாற்றங்களைத் தேடி எடுத்து ஆராய்ந்தார்கள். காரணம் வகைப்படுத்த முடிந்தவற்றில் 45 விழுக்காடு, இன்னொரு வேலை முடியும்வரை சரியாகக் காத்திராததால் வந்தவை. அடுத்தது, ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகள் ஒன்றோடொன்று மோதுவது. அது 20 விழுக்காடு.

வேகமும் குற்றவாளிதான்

பழைய கணினிதான் எப்போதும் தோற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கதை தலைகீழாக நடந்ததும் உண்டு.

1990-களில் நம் பொறியியல் கல்லூரிகளில் நிரல் எழுதப் பழகியவர்கள் போர்லாந்து நிறுவனத்தின் டர்போ பாஸ்கலை மறந்திருக்க மாட்டார்கள். அதில் ‘டிலே’ என்று ஒரு கட்டளை உண்டு. இத்தனை மில்லிவினாடி சும்மா இரு என்று பொருள். சும்மா இருக்க அந்த மென்பொருள் ஒரு தந்திரம் செய்தது. நிரல் தொடங்கும்போதே, கணினியின் கடிகாரம் ஒருமுறை துடிக்கும் 55 மில்லிவினாடிக்குள் ஒரு வெற்றுச் சுழலை எத்தனை முறை சுற்ற முடிகிறது என்று எண்ணும். அந்த எண்ணை 55-ஆல் வகுத்தால் ஒரு மில்லிவினாடிக்கு எத்தனை சுற்று என்று கிடைத்துவிடும்.

விடையை வைக்க ஒதுக்கிய இடம் 16 பிட். அதில் அடங்கக்கூடிய பெரிய எண் 65,535. எழுதப்பட்ட காலத்துக் கணினிகளுக்கு அது கடல் போன்ற இடம். பென்டியம் 2 வகைச் சிப்புகள் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதும் விடை அந்த இடத்துக்குள் அடங்கவில்லை. நிரல் முதல் வரியைக் காட்டும் முன்பே ‘ரன்டைம் எர்ரர் 200’ என்று சொல்லி விழுந்தது. பூஜ்ஜியத்தால் வகுத்தால் வரும் பிழையின் எண் அது. ஆனால் நிரலில் எங்கு தேடினாலும் பூஜ்ஜியம் கிடைக்காது. பழைய கணினியில் வருடக்கணக்காக ஒழுங்காக ஓடிய நிரல், விலை கொடுத்து வாங்கிய புதிய கணினியில் அசையவில்லை.

அதற்கும் முந்தைய காலத்தில் கணினிப் பெட்டியின் முகப்பில் ‘டர்போ’ என்று ஒரு பொத்தான் இருந்தது. பெயர் வேகத்தைச் சொன்னாலும், அது பயன்பட்டதெல்லாம் வேகத்தைக் குறைக்கத்தான். முதல் ஐபிஎம் பிசியின் 4.77 மெகாஹெர்ட்ஸை நம்பி எழுதிய விளையாட்டுகள் வேகமான கணினியில் கண்மூடித்தனமாக ஓடின. கணினியைப் பழைய வேகத்துக்கு இறக்கினால்தான் மனிதர் விளையாட முடிந்தது.

இந்த இரண்டிலும் வன்பொருளில் பழுது ஏதும் இல்லை. “கணினி இன்ன வேகத்தில்தான் இருக்கும்” என்று நிரல் எழுதியவர் தன்னையறியாமல் ஒரு வாக்குறுதியை உள்ளே வைத்துவிட்டார். அந்த வாக்குறுதி தெரியாத கணினி அதை மீறிவிட்டது.

ஒற்றைத் தண்டவாளம்

ஒரே நேரத்து வேலைகள் மோதுவது என்ற இரண்டாவது பெரிய காரணத்தை விளக்க எங்கள் ரயில் பாதையே போதும். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை வழியாக நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் போகும் பாதை 1979-இல் திறக்கப்பட்டது. அது ஒற்றைப் பாதையாகவே திறக்கப்பட்டது. எதிரே ஒரு வண்டி வந்தால், இரண்டில் ஒன்று ஏதாவது நிலையத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். “கிராசிங் போட்டிருக்கான்” என்று சொல்லிக்கொண்டு பயணிகள் பிளாட்பாரத்தில் இறங்கி நிற்பார்கள்.

கால அட்டவணையில் எதிர்வண்டி வரும் நேரம் அச்சாகித்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரம் ஆகிவிட்டது என்பதற்காக யாரும் நிற்கும் வண்டியை அனுப்பிவிடுவதில்லை. எதிர்வண்டி முழுதாக உள்ளே வந்து, பாதை காலியானது உறுதியான பிறகே சிக்னல் விழும். ஒற்றைத் தண்டவாளத்தில் உயிர்கள் பத்திரமாகப் போய்வருவது இந்த ஒழுங்கினால்தான்.

கணினிக்குள்ளும் இப்படிப்பட்ட ஒற்றைத் தண்டவாளங்கள் நிறைய உண்டு. நினைவகத்தில் ஒரே இடத்தில் இரண்டு வேலைகள் எழுத வரும். எது முன்னால், எது பின்னால் என்ற ஒழுங்கை நிரல் விதிக்காவிட்டால், அந்த நேரத்து வேகமே முடிவு செய்யும். இதைப் பந்தயப் பிழை என்பார்கள். வேகமான கணினியில் முதல் வண்டி எப்போதும் முந்திப் போய்விடுவதால் மோதல் வெளியே தெரியாது. மெதுவான கணினியில் இரண்டும் ஒரே சமயத்தில் தண்டவாளத்துக்கு வரும்.

எட்டு வினாடி

பந்தயப் பிழையின் மிகத் துயரமான வரலாறு தெராக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சை இயந்திரத்துடையது. கனடாவின் அணுசக்தி நிறுவனம் செய்த இந்த இயந்திரத்தால் 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்.

1986 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் டைலர் நகர மருத்துவமனையில் நடந்தது இது. இயந்திரத்தை இயக்கியவர் அனுபவசாலி, விசைப்பலகையில் கை பறக்கும். எலக்ட்ரான் சிகிச்சைக்கான ‘இ’ எழுத்துக்குப் பதில் எக்ஸ்ரேக்கான ‘எக்ஸ்’ எழுத்தை அழுத்திவிட்டார். உடனே மேலே போய் அதைத் திருத்தி, மற்ற விவரங்களை மளமளவென்று தாண்டி, சிகிச்சையைத் தொடங்கினார். திரை திருத்தத்தைச் சரியாகவே காட்டியது. ஆனால் உள்ளே, காந்தங்களை நிலைநிறுத்த இயந்திரம் எட்டு வினாடி அளவு எடுத்துக்கொண்டிருந்தது. அந்த எட்டு வினாடிக்குள் செய்த திருத்தத்தை நிரலின் ஒரு பகுதி கவனித்தது, இன்னொரு பகுதி கவனிக்கவில்லை. 180 ராட் பெற வேண்டிய நோயாளியின் உடலில் 16,500 முதல் 25,000 ராட் வரை பாய்ந்திருக்கும் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். திரையில் வந்ததெல்லாம் ‘மால்ஃபங்ஷன் 54’ என்ற ஒரு வரி. அடுத்த மாதம் அதே மருத்துவமனையில் இன்னொருவருக்கும் அது நேர்ந்தது. இருவரும் பிழைக்கவில்லை.

டைலரின் முதல் விபத்துக்குப் பிறகு வந்து பார்த்த நிறுவனத்தின் பொறியாளர்களால் அந்தப் பிழையை வரவைக்க முடியவில்லை. இரண்டாவது விபத்துக்குப் பிறகு மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகரும் அந்த இயக்குநரும் சேர்ந்து அமர்ந்து, அன்று அழுத்திய விசைகளைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார்கள். விடாமல் செய்ததில் ரகசியம் பிடிபட்டது. வேகமாகத் தட்டச்சு செய்தால்தான் அந்தப் பிழை வரும். மெதுவாகச் செய்தவர்கள் யாருக்கும் அது தென்படவே இல்லை.

இதைவிடவும் என்னை உறைய வைத்த செய்தி இன்னொன்று உண்டு. இதற்கு முந்தைய இயந்திரமான தெராக்-20-இலும் இதே பிழை இருந்தது. டைலர் செய்தி வெளிவந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். அங்கே பயிற்சி மாணவர்கள் இயந்திரத்தைத் தாறுமாறாக இயக்கும்போதெல்லாம் ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தது. தெராக்-20-இல் தனியாக வன்பொருள் காப்புகள் இருந்தன. பிழை வந்ததும் ஃபியூஸ் எரிந்து இயந்திரம் நின்றுவிடும், நோயாளிக்கு ஒன்றும் ஆகாது. தெராக்-25-இல், மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று அந்தக் காப்புகளை எடுத்துவிட்டிருந்தார்கள்.

இரண்டு வன்பொருள்கள், ஒரே பிழை. ஒன்றில் எரிந்த ஃபியூஸ், மற்றொன்றில் போன உயிர். எரிந்த ஃபியூஸ் ஒவ்வொன்றும் ஒரு சிவப்புச் சோதனை முடிவுதான். புது ஃபியூஸ் போட்டுவிட்டு வேலையைத் தொடர்வதற்குப் பதில், இது ஏன் எரிகிறது என்று யாராவது முன்பே விடாமல் கேட்டிருந்தால்?

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

நேரத்தோடு தொடர்பில்லாத வேறுபாடுகளும் உண்டு. சில சோதனைகள் திரையைப் படமெடுத்து, முன்பு எடுத்த படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடும். இங்கே வன்பொருளின் கைரேகை நேராகவே பதிகிறது. எழுத்தின் வளைவுகள் கண்ணுக்கு மழமழப்பாகத் தெரிய, விளிம்புகளில் சாம்பல் நிறப் புள்ளிகள் இடப்படுகின்றன. எந்த அளவு சாம்பல் என்பது வரைகலைச் சிப்பையும் அதன் இயக்கியையும் எழுத்துருவையும் இயங்குதளத்தையும் பொறுத்தது. மனிதக் கண்ணுக்கு இரண்டு படங்களும் ஒன்றுதான். கணினிக்கு நூற்றுக்கணக்கான புள்ளிகள் வேறு. இந்த வேறுபாட்டை வைத்து, ஒரு கணினியை மற்றதிலிருந்து அடையாளம் பிரிக்கவே முடியும் என்று ஆய்வாளர்கள் கீட்டன் மோவரியும் ஹோவவ் ஷாகாமும் 2012-இல் காட்டினார்கள்.

உலாவி செய்கிறவர்கள் இதற்கு அழகான தீர்வு ஒன்றைக் கையாள்கிறார்கள். டாட் ஃபார்னர் என்பவர் உருவாக்கிய ‘ஆஹெம்’ எழுத்துருவில் பெரும்பாலான எழுத்துகள் வெறும் கறுப்புச் சதுரங்கள். வளைவே இல்லாததால் விளிம்பு வேறுபாட்டுக்கு இடம் குறைவு. பெட்டிகள் சரியான இடத்தில் அமைகின்றனவா என்று மட்டும் பார்க்க அது போதும். ஒன்றைச் சோதிக்கும்போது மற்ற அலைவுகளை அடக்கிவைக்கும் இந்த நுட்பத்தை எந்தச் சோதனைக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு மொழிப் பலகைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இன்னொரு பொறியும் பழக்கமானது. தமிழில் ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரத்துக்கு உள்ள ஒற்றைக் குறியீட்டை இடலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எழுத்துச் சரங்களை அப்படியே ஒப்பிடும் சோதனைக்கு அவை வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொண்டால் தமிழில் சிக்கல் தீரும். மலையாளத்தில் உயிர் சேராமல் நிற்கும் மெய்களான சில்லு எழுத்துகளில் சிக்கல் இன்னும் கடினம். 2008-இல் வந்த யூனிகோடு 5.1 அவற்றுக்குத் தனிக் குறியீடுகள் தந்தது. அதற்கு முந்தைய முறையில் எழுதியவை பார்வைக்கு அதே எழுத்தாக, உள்ளே வேறாக இருக்கின்றன. யூனிகோடின் பொதுவான சீராக்க முறை அவ்விரண்டையும் ஒன்றாக்குவதில்லை. ஒரு கணினியின் விசைப்பலகை பழைய முறையில் எழுத, மற்றொன்று புதிய முறையில் எழுதினால், “அந்தக் கணினியில் மட்டும் பெயர் பொருந்தவில்லை” என்று புகார் வரும். பார்ப்பவர் வன்பொருளைச் சந்தேகிப்பார். வன்பொருளுக்கு அதில் பங்கே இல்லை.

துப்புத் துலக்கும் முறை

என் பிழையை எப்படிப் பிடித்தோம் என்று இனிச் சொல்லலாம்.

முதலில் ஒரு கணக்கு. 20-க்கு ஒருமுறை தோற்கும் சோதனையை 20 முறை ஓட்டிப் பார்த்து, எல்லாம் பச்சை என்று நிம்மதி அடைந்தால், ஏமாந்திருக்க 36 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 0.95-ஐ 20 முறை பெருக்கினால் அதுதான் விடை. ஏமாறும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் கீழே போக 59 முறை ஓட்ட வேண்டும். ஆகவே “என் கணினியில் வரவில்லையே” என்று தோழி சொன்னதை மதித்தோம், ஆனால் எண்ணிக்கை போதுமா என்றும் கேட்டுக்கொண்டோம். நூறு முறை ஓட்டினாள். நூறும் பச்சை.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. இரண்டு கணினிகளின் சிப்பு, உள்ளகங்கள், நினைவகம், தட்டு, வரைகலை இயக்கி, திரை அளவு, எழுத்துரு, உலாவிப் பதிப்பு, மின் அமைப்பு எல்லாவற்றையும் இரண்டு பத்தியாக எழுதினோம். திரை அளவைச் சமமாக்கினோம், மாற்றமில்லை. உலாவிப் பதிப்பு ஏற்கனவே ஒன்றுதான். பிறகு ஒருநாள் அவள் தன் கணினியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மேசையில், என் இணைய இணைப்பில் ஓட்டினோம். அப்போதும் பச்சை. மதியம் கரண்ட் போனது. அவள் கணினி பேட்டரியில் ஓடத் தொடங்கியது. சிறிது நேரத்தில் முதல் சிவப்பு விழுந்தது.

பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தைச் சேமிக்கக் கணினி தன் சிப்பின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் சூடேறினாலும் அப்படித்தான் குறைக்கும். அவளுடைய புதிய கணினி அந்த நேரத்துக்கு என் பழைய கணினியாகிவிட்டது. குற்றம் என் கணினியில் இல்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. இனி வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துப் பார்த்தால் போதும். குரோம் உலாவியின் உருவாக்குநர் கருவிகளில் சிப்பின் வேகத்தை 4 மடங்கு, 6 மடங்கு குறைத்துக் காட்டும் வசதி உண்டு. அதைப் போட்டதும், எப்போதாவது வந்த பிழை அடிக்கடி வந்து நின்றது. அடிக்கடி வரும் பிழையைப் பிடித்துவிடலாம்.

அது ஒரு முகவரிப் படிவம். மாநிலத்தைத் தேர்ந்தால், அதன் மாவட்டப் பட்டியல் சேவையகத்திலிருந்து வரும். எங்கள் சோதனை முதலில் கேரளத்தைத் தேர்ந்து, அரை வினாடி தூங்கி, பிறகு தமிழ்நாட்டுக்கு மாற்றி, கன்னியாகுமரி மாவட்டத்தைத் தேடியது. வேகமான கணினியில் அந்த அரை வினாடிக்குள் கேரளப் பட்டியல் வந்து முடிந்துவிடும். மெதுவான கணினியில் முதல் பட்டியல் வருமுன்பே இரண்டாவதைக் கேட்டுவிடும். இரண்டு பதில்களும் ஒரே நேரத்தில் வழியில் இருக்கும். கேரளத்தின் பதில் பிந்தி வந்தால், அது தமிழ்நாட்டுப் பட்டியலை அழித்துவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். மாநிலம் தமிழ்நாடு, மாவட்டங்கள் திருவனந்தபுரமும் கொல்லமும் ஆலப்புழையும்.

அதைத் திரையில் பார்த்தபோது எனக்குத் தெராக்கின் எட்டு வினாடி நினைவுக்கு வந்தது. இங்கே யாருடைய உயிருக்கும் ஆபத்து இல்லை. ஆனால் பிழையின் உருவம் அதேதான். ஒருவர் ஒன்றைத் தேர்ந்து, தவறு என்று உணர்ந்து, சட்டென்று திருத்துகிறார். திருத்தம் திரையில் தெரிகிறது, உள்ளே போய்ச் சேரவில்லை.

சோதனையில் தூக்கத்தை எடுத்துவிட்டுப் பதம் பார்க்கும்படி எழுதியிருந்தால் அது எப்போதும் பச்சையாகியிருக்கும், படிவத்தின் பிழை அப்படியே இருந்திருக்கும். எனவே படிவத்தைத்தான் முதலில் திருத்தினோம். கடைசியாகக் கேட்ட கேள்விக்கான பதிலை மட்டும் ஏற்றுக்கொள், முந்தைய கேள்விக்கான பதில் பிந்தி வந்தால் தள்ளிவிடு என்று சில வரிகள். ஒற்றைத் தண்டவாளத்துக்கு ஒரு சிக்னல். அதன்பின் மாநிலத்தை வேகமாக மாற்றிப் பார்ப்பதற்கென்றே தனிச் சோதனை ஒன்று எழுதி வைத்தோம். பழைய சோதனைக்குப் பதம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அதற்கும் பிறகுதான்.

பழைய கணினியின் சாட்சி

நிலையில்லாத சோதனைகள் பெரிய நிறுவனங்களையும் விடுவதில்லை. கூகுள் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, அவர்களுடைய சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காடு ஏதோ ஓர் அளவில் நிலையில்லாதவை. பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியவற்றில் 84 விழுக்காட்டில் நிலையில்லாத சோதனை ஒன்றின் கை இருந்தது. இந்தச் சுமையால் களைத்தவர்கள் எளிய வழியைத் தேடுவது இயல்பு. தோற்றால் இன்னொருமுறை ஓட்டு, மூன்றில் ஒன்று பச்சை என்றால் போதும் என்று விதி வைப்பார்கள். 20-க்கு ஒருமுறை வரும் எங்கள் பிழை, ஒவ்வொரு முறையும் தனித்தனியாக நேர்வதாகக் கொண்டால், அந்த விதியின் கீழ் 8,000 முறைக்கு ஒருமுறைதான் சிவப்பாகத் தெரிந்திருக்கும். ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது.

எங்கள் ஊரில் அந்தப் பிழை யாருக்கு நேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன்பின் அண்ணன் வீடு ஒரு மாநிலத்திலும் தங்கை வீடு மறு மாநிலத்திலுமாக வாழும் குடும்பங்கள் எங்களுடையவை. எந்தப் படிவத்திலும் மாநிலத்தை மாற்றித் தேர்கிறவர்கள் நாங்கள்தான். எங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் விலை குறைந்த ஃபோன், நான்கைந்து வருடமாக உழைக்கும் ஃபோன். சென்னையிலோ பெங்களூரிலோ குளிரூட்டிய அறையில் புதிய கணினி முன் உட்கார்ந்து அந்தப் படிவத்தை எழுதியவருக்கு அது ஒருமுறையும் தோற்றிருக்காது. களியக்காவிளைச் சந்தையில் நின்று ஃபோனில் நிரப்புகிற அக்காவுக்கு மாவட்டம் கிடைத்திருக்காது. தனக்குத்தான் ஃபோன் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

இரண்டு கணினிகள் இரண்டு விடை சொல்லும்போது இரண்டையும் நம்ப வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது இதிலிருந்துதான். வேகமான கணினி தன் அனுபவத்தைச் சொல்கிறது, மெதுவானதும் தன் அனுபவத்தைத்தான் சொல்கிறது. நாம் நிரலுக்குள் எழுதிவைத்த ஏதோ ஒரு நம்பிக்கை, நேரத்தைப் பற்றியோ வரிசையைப் பற்றியோ எழுத்தின் வடிவத்தைப் பற்றியோ, ஒன்றில் மெய்யாகி மற்றதில் பொய்யாகிறது. அந்த நம்பிக்கையைக் கண்டுபிடிக்கும்வரை எந்தச் சாட்சியையும் வாயடைத்து அனுப்பக் கூடாது.

புதிய மடிக்கணினி வாங்கிய பிறகும் பழையதை நான் விற்கவில்லை. திண்ணையை ஒட்டிய அறையில் அது இன்னும் இருக்கிறது. நான் எழுதும் ஒவ்வொரு சோதனையும், வெளியே போகும் முன் இரவு முழுக்க அதில் நூறு முறை ஓடியாக வேண்டும். காலையில் எழுந்ததும் முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான். பாட்டியின் சிரட்டைக்குள் சொட்டு உருண்டு நிற்கிறதா, கரைந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பதுபோல.